ஒன்பதாம் படத்தைத் தூக்கணும்

படத்தின் முகத்தை ஊர் பார்க்கும். முதுகைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு சித்திரசாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டேன். எந்தச் சித்திரசாலை என்று சொல்லப்போவதில்லை. யுத்த காலம் என்பது மட்டும் போதும்.

முன் கூடத்தில் பட்டுத் திரையும் மெழுகு போட்ட தரையுமாக இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் முப்பது நாற்பது படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு துண்டுக் காகிதம், துருப்பிடித்த வளையம், சிலந்திக் கூடு. பெரிய மகாராணி மாதிரி முன்னால் சிரிக்கிற அம்மாளின் முதுகில் யாரோ வண்ணான் கணக்கைப் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். எண்ணைச் சரிபார்ப்பது, எங்கே கீறல், எங்கே பூஞ்சணம் என்று குறிப்பது, வரவும் போக்கும் உத்தரவும் பெரிய நோட்டில் எழுதுவது, கடிதம் தட்டச்சு செய்வது, எல்லாம் நான்தான்.

எனக்கு இருபத்து மூன்று வயது. கோட்டைக்குள் அக்கிரகாரத்து வீடு. பி.ஏ. தேறியிருந்தேன். அந்த ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் குறை சொல்ல இடம் கொடுக்காமல் இருந்தால் வேலை நிரந்தரம். "ஆறு மாசம் தாக்குப் பிடிச்சா பாக்கலாம், பெண்டுகளுக்கு ஆபீஸ்லே என்ன காரியம்" என்று பெரியப்பா தினமும் காப்பியோடு சேர்த்துச் சொல்லுவார். ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். யாராவது என் வேலையில் குறை சொன்னால் அது இரண்டு மடங்காகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதி அதனால்தான்.

சூப்பரின்டென்டென்ட் மலையாளி. மதராஸில் ஐயர் மெஸ்ஸில் மூன்று வருஷம் சாப்பிட்டு ஓவியம் படித்தவர். அந்தத் தமிழின் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஆபீசில் எல்லோரிடமும் மலையாளம் பேசுவார். என்னைக் கண்டால் மட்டும் "வாங்கோ, கேட்டேளா" என்று ஆரம்பித்துவிடுவார். என் மேல் உள்ள மரியாதை அது. நானோ கோட்டையில் பிறந்து மலையாளத்தில் படித்து, வீட்டு வாசல் தாண்டினால் மலையாளத்திலேயே நினைக்கிறவள். அவர் வார்த்தை தமிழாக இருக்கும், இழுப்பு மலையாளமாக இருக்கும். பாதி நேரம் அவர் எந்தப் பாஷையில் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை.

மூன்றாவது ஆள் மேஸ்திரி. நாஞ்சில் நாட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். தச்சு வேலை தெரிந்தவர். படம் மாட்டுவது, இறக்குவது, சட்டம் பழுது பார்ப்பது அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

படத்தைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவதுதானே என்று நானும் சேர்வதற்கு முன்னால் நினைத்தவள்தான். அப்படி இல்லை. முதல்நாள் எல்லாப் படங்களையும் அவை தொங்கவேண்டிய இடத்துக்கு நேர் கீழே தரையில் சாத்திவைப்பார்கள். சுவர் நீளத்துக்கும் கண் மட்டத்தில் ஒரு கயிறு கட்டுவார்கள். சூப்பரின்டென்டென்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். இது அங்கே, அது இங்கே, இது வேண்டாம் என்பார். அவர் சொல்லச் சொல்ல, சொன்ன சொல்லையே மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். பிறகு மேஸ்திரிக்கு வாயால் சொல்வேன். அவருக்கு உத்தரவு என்பது என் வாய்தான்.

அந்த வியாழக்கிழமை பதினாறு படங்கள் தரையில் நின்றன. திங்கட்கிழமை கண்காட்சி. ஒன்பதாம் எண் இரவல் படம். ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் தம் தாயாரின் எண்ணெய்ச் சித்திரத்தைக் கொடுத்திருந்தார். ஓரம் பழுப்பேறிய முண்டும் நேரியதும் உடுத்து, மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி. படம் அவ்வளவு நன்றாக இருந்தது. திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து அம்மாவைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சூப்பரின்டென்டென்ட் அன்று அவசரத்தில் இருந்தார். வேறொரு படத்தை வாங்கிவர நாகர்கோவிலுக்குப் போகவேண்டும். தம்பானூரில் பஸ் காத்திருக்காது. ஒன்பதாம் படத்தின் முன் நின்றார். குனிந்து சட்டத்தின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். அப்புறம் வாசலை நோக்கி நடந்துகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த ஒம்பதை மட்டும் இன்னிக்கே தூக்கணும், கேட்டேளா. மறக்கக் கூடாது."

"சரி சார்" என்றேன். எழுதிக்கொண்டேன்.

தமிழில் தூக்குவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். எடு, அப்புறப்படுத்து. மலையாளத்தில் தூக்குவது என்றால் தொங்கவிடுவது. படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு அந்த ஊரில் அதுதான் சொல். ஆணியில் சட்டை தூக்குவார்கள், சுவரில் படம் தூக்குவார்கள். அவர் மரியாதைக்குத் தமிழ் பேசினார். நான் பழக்கத்துக்கு மலையாளம் கேட்டேன். 'ணும்' என்றாரா 'ணம்' என்றாரா என்று யார் கவனித்தது? தாயார் படம், இரவல் படம், திங்கட்கிழமை ஆசிரியர் வருகிறார், ஆகையால் முதலில் இதை மாட்டச் சொல்கிறார் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மேஸ்திரியிடம் போய், "ஒம்பதை நடுச்சுவர்லே இன்னிக்கே மாட்டிடுங்கோ" என்றேன்.

அவர் படத்தைத் திருப்பினார். உளியின் நுனியால் சட்டத்தின் மூலையைக் குத்தினார். ரவை போல மாவு உதிர்ந்தது.

"உளுத்துப் போச்சு, பாத்தியளா. வளையத்துக்க திருகாணி பிடிக்காது. வேற சட்டம் போட்டிட்டு மாட்டலாம்."

"சார் இன்னிக்கேன்னு சொல்லியிருக்கார்."

"சார் இத அமுக்கிப் பாத்தாருல்லா? பாத்திட்டா மாட்டச் சொன்னாரு?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. அதிலேயே எல்லாம் இருந்தது. ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி, நீ சரியாகக் கேட்டாயா பெண்ணே என்று காதில் விழுந்தது. பெரியப்பாவின் குரலில் விழுந்தது என்றே சொல்லலாம்.

"மேஸ்திரி, உத்தரவு எழுதியிருக்கு. எனக்குக் காது நன்னா கேக்கும். மாட்டச் சொன்னா மாட்டுங்கோ" என்றேன்.

அவர் உளியைக் கீழே வைத்தார். பித்தளைக் கம்பி அந்தக் காலத்தில் கிடைக்காது. இருந்த பழைய கம்பியை இரட்டையாக முறுக்கி, மரம் கொஞ்சம் கெட்டியாக இருந்த இடமாகப் பார்த்து வளையத்தைத் திருகி, மாட்டினார். கீழே இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார். நான் கூடத்துக்கு நடுவில் நின்று பார்த்து, அந்தக் கட்டைகள் அசிங்கமாக இருக்கின்றன, எடுத்துவிடுங்கள் என்றேன். இதையும் நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மேஸ்திரி பின்னறையில் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். நான் என் மேஜையில் இருந்தேன். கூடத்தில் முதலில் சின்னதாக ஒரு சத்தம், நகம் முறிகிற மாதிரி. பிறகு பெரிய சத்தம். ஓடிப் போனேன். ஒன்பதாம் படம் முகம் குப்புறத் தரையில் கிடந்தது. சட்டத்தின் மேல்பாகம் கம்பியோடு சுவரிலேயே ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஓடிவந்து, என்னைத் தொடவிடாமல், மெதுவாகப் புரட்டினார். கிழவியின் முகம் தப்பியது. மடியிலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்குத் துணி கிழிந்து தொங்கியது.

"சார் வரட்டு" என்று மட்டும் சொன்னார். அப்போது வரை, சாரே சொன்னதுதானே, நமக்கு என்ன என்றுதான் இருந்தேன்.

உச்சிக்கு சூப்பரின்டென்டென்ட் வந்தார். கிழிசலைப் பார்த்தார். குனிந்து அதன் நீளத்தைச் சாணால் அளந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இது சுவருக்கு எப்படிப் போச்சு? தூக்கணும்னு சொல்லிட்டுத்தானே போனேன். சட்டம் உளுத்துப் போச்சு, நான் அமுக்கிப் பாத்தேன். எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன்."

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா மாட்டச் சொன்னாவ, மாட்டினேன். உளுத்துப் போச்சுன்னும் சொன்னேன். கேட்டுப் பாருங்க" என்றார் மேஸ்திரி.

சூப்பரின்டென்டென்ட் என் மேஜைக்கு வந்து நோட்டைத் திறந்தார். வியாழக்கிழமைப் பக்கம். என் கையெழுத்தில் மலையாள எழுத்தில் இருந்தது: ஒன்பதாம் படம் இன்றே தூக்கணம். அவர் விரலை வைத்து உரக்க வாசித்தார். தாம் சொன்ன தமிழ்ச் சொல்லை நான் அப்படியே எழுதியிருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். நான் எப்போதும் அப்படித்தானே எழுதுவேன்.

"சரியாத்தானே எழுதியிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

என்னைக் கெடுத்த அதே சொல் என்னைக் காப்பாற்றவும் காத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பதினைந்து நாள். பதினைந்து நாளில் வேலை நிரந்தரம். பெண்ணை வைத்தால் இதுதான் என்று இனி இந்த ஆபீசில் ஒருத்தியையும் சேர்க்கமாட்டார்கள் என்றுகூட நினைத்தேன். பயத்துக்கு எவ்வளவு பெரிய நியாயங்கள் கிடைக்கின்றன என்று பாருங்கள்.

"எழுதினது அங்கே இருக்கு சார்" என்றேன்.

பொய் இல்லை. பொய்யைவிட மட்டமான ஒன்று.

"படத்தைத் தூக்கச் சொன்னா சுவர்லே ஏத்தறார்" என்றார் சூப்பரின்டென்டென்ட். "இனி ஆளைத்தான் தூக்கணும்."

இந்த முறை அந்தச் சொல் எனக்குத் தமிழில் கேட்டது. ஒரு சந்தேகமும் வரவில்லை.

மேஸ்திரி பின்னறைச் சாவியையும் சுத்தியலையும் கம்பி வெட்டுகிற குறட்டையும் மேஜை மேல் வரிசையாக வைத்தார். சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த வேலை போனால் சாலைக் கடைத்தெருவில் கடைக்கதவுக்கு ஆணி அடிக்கத்தான் போகவேண்டும். ஒரு கண் வேறு சரியாகத் தெரியாது. வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு சூப்பரின்டென்டென்ட் மேலிடத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷில். அதை நான்தான் தட்டச்சு செய்யவேண்டும். உட்கார்ந்தேன். காகிதம், கரித்தாள், காகிதம். முதல் பத்தியில் படத்தின் எண், இரவல் கொடுத்தவர், கிழிசலின் அளவு. விரல்கள் தாமாகவே ஓடின. இரண்டாம் பத்தியில், படத்தை 'ரிமூவ்' செய்யும்படி எழுத்து மூலமாகத் தெளிவான உத்தரவு இருந்தும் வேலையாள் அதை மீறி 'ஹேங்' செய்தார் என்று இருந்தது.

அங்கே என் கை நின்றது. இங்கிலீஷில் இரண்டுக்கும் இரண்டு சொல். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ள முடியாது. நோட்டில் இருக்கிற வரைக்கும் அது சார் சொன்ன சொல். இதைத் தட்டிவிட்டால் அது என் சொல். ஆர் தட்டினேன். ஈ தட்டினேன். எம் என்ற எழுத்தின் மேல் விரல் இருக்கிறது, அழுத்த வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. தபால்காரன் நான்கு மணிக்கு வருவான். பெரியப்பாவின் முகம் வந்தது. அதைவிட, சாப்பிடாத சோற்றுத் தூக்கு வந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காகிதத்தை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், இந்த 'ரிமூவ்' தப்பு."

"ஸ்பெல்லிங்கா?" என்றார் தலை நிமிராமல்.

"இல்லே சார். நான் மேஸ்திரிகிட்டே மாட்டுங்கோன்னுதான் சொன்னேன். அவர் வேண்டாம்னார். நான் அதட்டினேன். நீங்க தூக்கணும்னது தமிழ். எனக்கு மலையாளமாக் கேட்டுது. நோட்லே இருக்கறதும் மலையாளம்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உதடு லேசாக அசைந்தது. இரண்டு பாஷையிலும் அந்தச் சொல்லைத் தமக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. சிரித்துவிடுவார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பிழை சிரிக்கக்கூடிய பிழைதான். அவர் சிரிக்கவில்லை.

"எந்தே உச்சைக்குப் பறஞ்ஞில்லா?" என்றார்.

ஏன் மத்தியானமே சொல்லவில்லை என்கிறார். என்னிடம் அவர் பேசிய முதல் மலையாளம் அது. அதற்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போகிற வரைக்கும் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போகவில்லை, நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. பெரியப்பாவிடம் காரணத்தைச் சொன்னேன். அவருக்குக் காப்பியோடு சொல்ல ஒரு வருஷத்துக்கு விஷயம் கிடைத்தது.

மேஸ்திரியைத் திரும்ப அழைக்கிற கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடைகளுக்குப் பின்னால் சந்து சந்தாக விசாரித்துக்கொண்டு போனேன். அவர் ஒரு மளிகைக் கடையின் கதவுப் பலகையைச் சீவிக்கொண்டிருந்தார். அதற்குள் வேலை தேடிக்கொண்டுவிட்டார். நடுச்சந்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கணும், தூக்கணம், எல்லாம். தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"காது பெசகும், அம்மா. ஆருக்கும் பெசகும். அதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஒங்க மொகத்தப் பாத்தேன். நீங்க நோட்டப் பாத்திய."

அவ்வளவுதான். திங்கட்கிழமை வருகிறேன் என்றார். வந்தார்.

ஆசிரியரும் திங்கட்கிழமை முதல் ஆளாகவே வந்தார். படம் பின்னறையில் கிடந்தது; சூப்பரின்டென்டென்ட் கிழிசலுக்குப் பின்பக்கம் துணி ஒட்டியிருந்தார். விஷயத்தை நான் சொன்னேன், இந்த முறை ஒரு வார்த்தை விடாமல். அவர் தாயாரின் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகுப்பக்கத்து ஒட்டுத் துணியையே தடவிக்கொண்டு நின்றார். கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் கேட்டபோது படம் தரவும் இல்லை.

அன்று மத்தியானம், நாகர்கோவிலிலிருந்து வந்த பதினேழாம் படத்துக்காக மேஸ்திரியிடம் ஒரு உத்தரவு சொல்லவேண்டியிருந்தது. "பதினேழை மாட்டுங்கோ" என்றேன். அவர் அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து நீட்டினார்.

"எளுதுங்க. தமிள்ல."

"எங்கே?"

"படத்துக்கு முன்னால. தரையில."

குனிந்து எழுதினேன். மாட்டு. அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். மா, ட், டு. பிறகுதான் படத்தைத் தொட்டார். மாட்டி முடித்ததும் ஈரத் துணியால் தரையைத் துடைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் இதே கதைதான். மாட்டு. எடு. சட்டம் மாற்று. ஆறு வருஷம். அவரிடம் என் வாய்க்கு மதிப்பில்லை என்பதை ஒவ்வொரு கண்காட்சிக்கும் நாற்பது ஐம்பது தடவை குனிந்து நானே என் கையால் எழுதினேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் கோபப்பட எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று அடங்கிப்போனேன்.

யுத்தம் முடிந்த பிறகு புதிதாக ஒரு சூப்பரின்டென்டென்ட் வந்தார். பதினாறு படங்கள் சாத்திவைத்த கூடத்தில், ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் வெள்ளையாக எழுதியிருந்ததைப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு ஒழுங்கான முறையை வேறெங்கும் பார்த்ததில்லை, யாருடைய ஏற்பாடு இது என்று கேட்டார்.

"மேஸ்திரியோடது" என்றேன்.

மேஸ்திரி நிமிரவில்லை.

"ஏற்பாடு ஒண்ணும் இல்ல சார். அம்மாக்க வாய்ச்சொல்லு எனக்குப் போராது. அதாக்கும்" என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியால் என் எழுத்தைத் துடைத்தார்.